கரையில் எண்ணெய் ஒதுங்கினால் யார் பொறுப்பு? கப்பல் சட்டங்கள் சொல்வது என்ன

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை பிற்பகல். ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டிய நீண்ட வார இறுதி தொடங்கும் நேரம். சிங்கப்பூரின் பாசிர் பாஞ்சாங் முனையத்தில் ‘மரீன் ஹானர்’ என்ற கப்பல் கட்டப்பட்டு நின்றது. பிற கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்புவது அதன் வேலை. நெதர்லாந்துக் கொடியுடன் வந்த ‘வோக்ஸ் மேக்ஸிமா’ என்ற தூர்வாரும் கப்பல், இயந்திரமும் சுக்கானும் கட்டுப்பாட்டை இழந்த நிலையில் அதன்மீது மோதியது. மரீன் ஹானரின் எண்ணெய்த் தொட்டி ஒன்று கிழிந்து, சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது.

மறுநாளே செந்தோசா கடற்கரை கறுத்தது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா, லாப்ரடோர் இயற்கைக் காப்பகம், தெற்குத் தீவுகள் எனப் பல இடங்களில் எண்ணெய் ஒதுங்கியது. விடுமுறைக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றவர்கள் தண்ணீரில் கால் நனைக்க முடியாமல் திரும்பினார்கள். சில நாள்களில் ஜொகூரின் கோத்தா திங்கி கடற்கரைப் பகுதியிலும் அதே கரிய எண்ணெய் தென்பட்டது.

அப்போது பலருக்கும் எழுந்த கேள்வி ஒன்றுதான்: இதற்கெல்லாம் யார் பணம் கட்டுவது?

மோதியது ஒரு கப்பல், முதல் பொறுப்பு இன்னொரு கப்பலுக்கு

சாலை ஓரம் நிறுத்தி வைத்த காரை இன்னொருவர் இடித்தால், இடித்தவர்தான் செலவை ஏற்க வேண்டும் என்போம். கடலில் எண்ணெய் கொட்டும்போது கணக்கு வேறு. எண்ணெய் எந்தக் கப்பலிலிருந்து கொட்டியதோ, அந்தக் கப்பலின் உரிமையாளர்தான் முதலில் பொறுப்பு. அவர் பக்கம் தவறே இல்லை என்றாலும் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சும்மா நின்றுகொண்டிருந்த மரீன் ஹானரின் உரிமையாளரே கடல் தூய்மைக்கேட்டுச் சேதத்திற்குப் பொறுப்பு என்று சிங்கப்பூர்க் கடல்துறை, துறைமுக ஆணையம் அறிவித்ததும் இதனால்தான்.

கேட்பதற்கு இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் வலையில் எண்ணெய் படிந்த ஒரு மீனவரின் இடத்திலிருந்து பார்த்தால் காரணம் புரியும். எந்தக் கப்பல்மீது எத்தனை விழுக்காடு தவறு என்று நீதிமன்றம் முடிவு செய்யப் பல ஆண்டுகள் ஆகலாம். இரு கப்பல்களும் இரு வேறு நாடுகளின் கொடியைப் பறக்கவிட்டிருக்கலாம். அதுவரை மீனவர் காத்திருக்க முடியாது. அதனால் முதலில் எண்ணெய்க் கப்பலின் உரிமையாளரும் அவருடைய காப்புறுதி நிறுவனமும் இழப்பீட்டைக் கொடுக்க வேண்டும். பிறகு அவர்கள் மோதிய கப்பல்மீது வழக்குத் தொடுத்து அந்தப் பணத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இந்த விதி 1992ஆம் ஆண்டின் அனைத்துலக ஒப்பந்தம் ஒன்றிலிருந்து வருகிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் அதில் உறுப்பினர்கள். மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் எண்ணெய்த் தூய்மைக்கேட்டுச் சட்டமும், சிங்கப்பூரில் 1998ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் இழப்பீட்டுச் சட்டமும் அதை உள்நாட்டுச் சட்டமாக ஆக்கியிருக்கின்றன. 2,000 டன்னுக்கு மேல் எண்ணெயைச் சரக்காக ஏற்றும் எந்தக் கப்பலும் இதற்கான காப்புறுதிச் சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

உரிமையாளரின் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு. அது கப்பலின் அளவைப் பொறுத்தது. 5,000 டன் வரையிலான மொத்தக் கொள்ளளவு உள்ள சிறிய கப்பலுக்கு அந்த வரம்பு அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகில் 4.51 மில்லியன், ஏறக்குறைய 6 மில்லியன் அமெரிக்க டாலர். சேதம் அதைத் தாண்டினால், லண்டனில் இயங்கும் எண்ணெய்த் தூய்மைக்கேட்டு இழப்பீட்டு நிதியம் கைகொடுக்கும். உரிமையாளரின் பங்கையும் சேர்த்து 203 மில்லியன் அலகு வரை, அதாவது சுமார் 270 மில்லியன் அமெரிக்க டாலர் வரை, இழப்பீடு கிடைக்க வழி உண்டு. அந்த நிதியத்துக்குப் பணம் கட்டுவது அரசாங்கங்கள் அல்ல. கடல்வழியாக ஆண்டுக்கு 150,000 டன்னுக்கு மேல் கச்சா எண்ணெயையோ கனரக எரிபொருளையோ பெறும் நிறுவனங்கள்தான் கட்டுகின்றன.

கப்பலின் சொந்த எரிபொருள் கசிந்தால் என்ன செய்வது? கொள்கலன் கப்பல், மரம் ஏற்றும் கப்பல் எதுவாக இருந்தாலும் அதன் தொட்டியில் நூற்றுக்கணக்கான டன் எரிபொருள் இருக்கும். 2017 ஜனவரி 3ஆம் தேதி பாசிர் கூடாங் அருகே இரண்டு கொள்கலன் கப்பல்கள் மோதியபோது சுமார் 300 டன் எரிபொருள் கொட்டியது. ஜொகூர் நீரிணையில் மீன் பண்ணை வைத்திருந்தவர்களின் கூண்டுகள் எண்ணெயில் மூழ்கின. இத்தகைய சம்பவங்களுக்கென்றே தனி அனைத்துலக ஒப்பந்தம் இருக்கிறது. அதன்படி 1,000 டன் கொள்ளளவைத் தாண்டிய எல்லாக் கப்பல்களுக்கும் எரிபொருள் கசிவுக் காப்புறுதி கட்டாயம். சிங்கப்பூர் 2008இல் இதற்குத் தனிச் சட்டம் இயற்றியது. மலேசியா தன் 1994 சட்டத்தைத் திருத்தி இதையும் அதில் சேர்த்துக்கொண்டது.

இது முதல் முறையல்ல

மலாக்கா நீரிணை சுமார் 800 கிலோமீட்டர் நீளம். ஆண்டுக்கு 80,000க்கும் மேற்பட்ட கப்பல்கள் அதைக் கடக்கின்றன. சிங்கப்பூருக்கு அருகே கப்பல் பாதை 3 கிலோமீட்டருக்கும் குறைவாகச் சுருங்கும் இடமும் உண்டு.

1997 அக்டோபர் 15ஆம் தேதி இரவு ‘எவோய்கோஸ்’, ‘ஒராபின் குளோபல்’ என்ற இரு எண்ணெய்க் கப்பல்கள் சிங்கப்பூர் நீரிணையில் மோதிக்கொண்டன. 28,000 டன்னுக்கும் மேற்பட்ட கனரக எண்ணெய் கடலில் கலந்தது. சிங்கப்பூர் கண்ட ஆகப் பெரிய எண்ணெய்க் கசிவு அது. அந்த எண்ணெய் அங்கேயே நிற்கவில்லை. காற்றும் நீரோட்டமும் அதை வடக்கே தள்ள, பல வாரங்கள் கழித்துச் சிலாங்கூர் கடற்கரையிலும் அது ஒதுங்கியது. இரு கப்பல் தலைவர்களும் சிங்கப்பூரில் சிறைத் தண்டனை பெற்றனர்.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2000 அக்டோபர் 3ஆம் தேதி, ‘நாத்துனா சீ’ என்ற எண்ணெய்க் கப்பல் இந்தோனேசியப் பக்கத்தில் தரைதட்டியது. கொட்டிய 7,000 டன் கச்சா எண்ணெய் மூன்று நாடுகளின் கரையையும் தொட்டது. இந்த நீரிணையில் ஒரு நாட்டின் சட்டம் மட்டும் கடுமையாக இருந்து பயனில்லை என்பதற்கு இவ்விரு சம்பவங்களே சான்று.

ஒரு கப்பலுக்கு மூன்று காவல்

ஒரு கப்பலைச் சட்டம் மூன்று இடங்களிலிருந்து கண்காணிக்கிறது.

முதலாவது, கொடி நாடு. கப்பல் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டதோ அந்த நாடு. கப்பலின் உடல் உறுதியாக இருக்கிறதா, தீயணைப்புக் கருவிகள் வேலை செய்கின்றனவா, உயிர்காப்புப் படகுகள் போதுமா, தலைவருக்கும் பொறியாளருக்கும் முறையான தகுதிச் சான்றிதழ் உண்டா என்பதையெல்லாம் சோதித்துச் சான்றிதழ் தர வேண்டியது அதன் கடமை. 1912இல் டைட்டானிக் மூழ்கிய பிறகு, 1914இல் பிறந்த ‘சோலாஸ்’ என்ற உயிர்ப் பாதுகாப்பு ஒப்பந்தம் இதற்கு அடிப்படை. அது பலமுறை புதுப்பிக்கப்பட்டது. இப்போது நடப்பில் இருப்பது 1974ஆம் ஆண்டின் வடிவம்.

இரண்டாவது, துறைமுக நாடு. கிள்ளான் துறைமுகத்துக்கோ பினாங்குக்கோ தஞ்சோங் பெலப்பாஸுக்கோ ஒரு வெளிநாட்டுக் கப்பல் வந்தால், கடல்துறை அதிகாரிகள் அதில் ஏறிச் சோதிக்கலாம். குறை பெரிதாக இருந்தால் அதைச் சரிசெய்யும் வரை கப்பலைப் புறப்பட விடாமல் தடுத்து வைக்கலாம். ஆசிய பசிபிக் நாடுகள் ‘தோக்கியோ உடன்பாடு’ என்ற ஏற்பாட்டின் கீழ் இந்தச் சோதனை விவரங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு துறைமுகத்தில் தடுத்து வைக்கப்பட்ட கப்பலின் பெயர் மற்றத் துறைமுகங்களுக்கும் தெரியவரும்.

மூன்றாவது, கரை நாடு. துறைமுகத்துக்குள் வராமல் நீரிணையைக் கடந்து மட்டும் போகும் கப்பலை நினைத்தபடி நிறுத்திச் சோதிக்க முடியாது. அனைத்துலகச் சட்டம் அதற்குக் கடந்துபோகும் உரிமை தருகிறது. ஆனால் போக்குவரத்துப் பாதைக்குள் செல்லவும், பெரிய கப்பல்கள் தங்கள் இருப்பிடத்தை வானொலியில் தெரிவிக்கவும் கட்டாயம் உண்டு.

இந்த மூன்றில் முதல் காவல் பலவீனமானால் என்ன ஆகும் என்பதை 2023 மே 1ஆம் தேதி ஜொகூர் கண்டது. ‘பாப்லோ’ என்ற பழைய எண்ணெய்க் கப்பல், மத்திய ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டுக் கொடியுடன் வந்தது. ஜொகூரின் கிழக்குக் கடலில் அது வெடித்துத் தீப்பிடித்தது. 28 ஊழியர்களில் 25 பேர் மீட்கப்பட்டனர், மூவரைக் காணவில்லை. சரக்கை ஏற்கெனவே இறக்கியிருந்ததால் பேரளவு எண்ணெய்க் கசிவு ஏற்படவில்லை. ஆனால் எரிந்த கப்பல் பல மாதங்கள் அங்கேயே கிடந்தது. காகிதத்தில் மட்டும் ஒரு நாட்டைச் சேர்ந்த கப்பல், ஆபத்து வந்ததும் யாருக்கும் சொந்தமில்லாததாகிவிடுகிறது. காணாமல் போன மூவரின் குடும்பங்களுக்கு அதன் பொருள் என்ன என்பதை எந்தச் சட்டப் புத்தகமும் சொல்லிவிட முடியாது.

மலேசியாவில் எந்தச் சட்டம், எந்த இலாகா?

மலேசியாவில் கப்பல் பாதுகாப்பின் தாய்ச்சட்டம் 1952ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம். சுதந்திரத்துக்கு முந்தியது, பலமுறை திருத்தப்பட்டது. கப்பல் பதிவு, சான்றிதழ், ஊழியர் தகுதி, பாரம் ஏற்றும் அளவு எல்லாம் அதில் அடங்கும். அதை அமல்படுத்துவது கடல்துறை இலாகா.

கடலில் எண்ணெய் விடுவதை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் தடை செய்கிறது. அதன் 27ஆம் பிரிவின் கீழ் முன்பு அதிகபட்ச அபராதம் 500,000 ரிங்கிட், சிறை 5 ஆண்டுகள் வரை. பெரிய நிறுவனங்களுக்கு இந்த அபராதம் ஒரு பொருட்டே அல்ல என்ற குறை நெடுநாளாக இருந்தது. 2024இல் நடப்புக்கு வந்த திருத்தம் அந்தச் சட்டத்தின் அதிகபட்ச அபராதத்தை 10 மில்லியன் ரிங்கிட் வரை உயர்த்தியது. கரையிலிருந்து 200 கடல் மைல் வரையிலான பொருளாதார மண்டலத்துக்கு 1984ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. அங்கே எண்ணெய் விட்டால் 1 மில்லியன் ரிங்கிட் வரை அபராதம். சிங்கப்பூரில் 1990ஆம் ஆண்டின் கடல் தூய்மைக்கேட்டுத் தடுப்புச் சட்டம் 1 மில்லியன் வெள்ளி வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் விதிக்கிறது.

எதைக் கடலில் விடலாம், எதை விடக்கூடாது?

‘மார்பொல்’ என்று அழைக்கப்படும் அனைத்துலக ஒப்பந்தம் கப்பல் கழிவை ஆறு பிரிவுகளாகப் பிரிக்கிறது: எண்ணெய், திரவ இரசாயனம், பொட்டலச் சரக்கு, கழிவுநீர், குப்பை, புகை. 1967இல் ‘டோரி கேன்யன்’ என்ற கப்பல் இங்கிலாந்துக் கரையருகே உடைந்து, கச்சா எண்ணெய் கடலைக் கறுப்பாக்கிய பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது.

எண்ணெய்: இயந்திர அறையின் அடியில் எண்ணெய் கலந்த நீர் தேங்கிக்கொண்டே இருக்கும். அதைக் கடலில் விட வேண்டுமானால் பிரிப்பான் கருவி வழியாகத்தான் விட வேண்டும். பத்து லட்சம் பங்கு நீரில் 15 பங்குக்கு மேல் எண்ணெய் இருக்கக்கூடாது. ஒவ்வொரு முறையும் எண்ணெய்ப் பதிவேட்டில் எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். கருவியைச் சுற்றி இரகசியமாக ஒரு குழாய் பொருத்தி இரவில் எண்ணெயை விடுவது கப்பல் உலகில் பழைய மோசடி. சோதனைக்கு வரும் அதிகாரிகள் முதலில் பதிவேட்டையும் தொட்டியின் அளவையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இதற்காகத்தான்.

குப்பை: பிளாஸ்டிக்கை எந்தக் கடலிலும், எத்தனை தூரத்திலும் போடக்கூடாது. மிச்ச உணவை அரைத்திருந்தால் 3 கடல் மைலுக்கு அப்பாலும், அரைக்காவிட்டால் 12 கடல் மைலுக்கு அப்பாலும் விடலாம்.

புகை: 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தகத்தின் அளவு 0.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. அதற்கு முன் 3.5 விழுக்காடு வரை அனுமதி இருந்தது. புகையைக் கடல்நீரால் கழுவி, கழுவிய நீரைத் திரும்பக் கடலிலேயே விடும் கருவிகளைச் சில கப்பல்கள் பொருத்திக்கொண்டன. அந்த நீரை விடுவதற்குச் சிங்கப்பூர் தன் துறைமுக நீரில் தடை விதித்தது. மலேசியாவும் 12 கடல் மைலுக்குள் தடை விதித்தது.

செம்பனை எண்ணெயும் இந்தச் சட்டத்துக்குள்தான்

தோட்டத்தில் குலை வெட்டி, ஆலையில் பிழிந்து, லாரியில் துறைமுகத்துக்குப் போகும் செம்பனை எண்ணெய் சமையலுக்கு உகந்தது. அது கடலில் கொட்டினால் என்ன கெடுதல் என்று கேட்கலாம். கடலுக்கு அது உணவல்ல. நீரின் மேல் படர்ந்து, உறைந்து, கட்டி கட்டியாக மிதக்கும். பறவைகளின் இறகில் ஒட்டிக்கொள்ளும். அழுகும்போது நீரிலுள்ள உயிர்வாயுவை உறிஞ்சிவிடும்.

2017 ஆகஸ்டில் சீனாவின் முத்தாற்று முகத்துவாரத்தில் இரு கப்பல்கள் மோதியதில் சுமார் 1,000 டன் செம்பனைக் கொழுப்பு கடலில் கலந்தது. ஹாங்காங்கின் கடற்கரைகளில் வெள்ளைக் கட்டிகள் குவிந்து, பல கடற்கரைகள் மூடப்பட்டன.

2007 ஜனவரி 1 முதல் மார்பொல் தாவர எண்ணெய்களைத் தீங்கு விளைவிக்கும் திரவங்களின் வரிசையில் சேர்த்துவிட்டது. அன்றிலிருந்து செம்பனை எண்ணெயை இரசாயனக் கப்பல்களுக்கு உரிய பாதுகாப்புடன்தான் ஏற்ற வேண்டும். தொட்டியைக் கழுவிய நீரைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், குறைந்தது 25 மீட்டர் ஆழமுள்ள இடத்தில், கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போது மட்டுமே விடலாம்.

ஆனால் இழப்பீட்டில் ஓர் ஓட்டை இருக்கிறது. மேலே சொன்ன லண்டன் நிதியம் பூமியிலிருந்து எடுக்கும் கனமான எண்ணெய்க்கு மட்டுமே பணம் தரும். செம்பனை எண்ணெய் கொட்டி ஒரு மீனவரின் தொழில் கெட்டால், அந்த நிதியத்தின் கதவைத் தட்ட முடியாது. இரசாயனத்துக்கும் தாவர எண்ணெய்க்கும் இழப்பீடு தருவதற்கென 1996இல் எழுதி, 2010இல் திருத்திய இன்னோர் ஒப்பந்தம் இருக்கிறது. போதிய நாடுகள் சேராததால் அது நெடுங்காலம் நடைமுறைக்கு வராமலே கிடந்தது. செம்பனை எண்ணெயை உலகுக்கு அனுப்பும் நாடு என்ற வகையில் மலேசியர்கள் கவனிக்க வேண்டிய குறை இது.

படகில் ஏறும் பயணி பார்க்க வேண்டியவை

கப்பல் பாதுகாப்பு என்றதும் பெரிய சரக்குக் கப்பல்களைத்தான் நினைக்கிறோம். லங்காவிக்கும் பங்கோருக்கும் தியோமானுக்கும் குடும்பத்தோடு ஏறும் படகும் சட்டத்துக்கு உட்பட்டதே. எத்தனை பேரை ஏற்றலாம் என்பது உரிமத்தில் குறிக்கப்பட்டிருக்கும். பயணிகளுக்குப் போதிய உயிர்காப்பு அங்கிகள் இருக்க வேண்டும்.

2013 மே மாதம், காவாய் பண்டிகைக்கு ஊர் திரும்பியவர்களை ஏற்றிய விரைவுப் படகு சரவாக்கின் பெலாகா அருகே ராஜாங் ஆற்றில் கவிழ்ந்தது. அனுமதிக்கப்பட்ட அளவைவிட மிக அதிகமானோர் அதில் இருந்தனர். பலர் கூரையின்மேல் உட்கார்ந்திருந்தனர். தீபாவளிக்கும் பள்ளி விடுமுறைக்கும் நம் குடும்பங்கள் ஏறும் படகுகளிலும் இதே ஆபத்து உண்டு. இடமில்லை என்று படகுக்காரர் சொன்னால் அவர் சட்டத்தை மதிக்கிறார் என்று பொருள். அவரோடு சண்டை போடுவது சரியல்ல.

பெரிய கப்பல்களின் பக்கவாட்டில் ஒரு வட்டமும் குறுக்கே ஒரு கோடும் வரைந்திருப்பதைத் துறைமுகத்தில் பார்த்திருக்கலாம். அது அழகுக்கு அல்ல. அந்தக் கோடு தண்ணீருக்குள் மறைந்தால் கப்பல் அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருக்கிறது என்று பொருள். வெப்பமண்டலக் கடல், குளிர்க்கடல், நன்னீர் ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கோடுகள் பக்கத்திலேயே இருக்கும். பேராசையால் அதிகப் பாரம் ஏற்றப்பட்ட கப்பல்களில் மாலுமிகள் மாண்டதைக் கண்டு, இங்கிலாந்து நாடாளுமன்றத்தில் சாமுவேல் பிளிம்சோல் என்பவர் விடாமல் போராடினார். 1876இல் அந்தக் கோடு சட்டமானது.

எண்ணெய் ஒதுங்கினால் செய்ய வேண்டியவை

மலேசியாவில் கடலில் எண்ணெய்ப் படலத்தையோ படகு விபத்தையோ கண்டால் 999ஐ அழைக்கலாம். கடல் அமலாக்க நிறுவனத்துக்கும் அந்த அழைப்பு போய்ச் சேரும். ஒதுங்கிய எண்ணெயை வெறுங்கையால் தொடக்கூடாது. பிள்ளைகளை அருகில் விடக்கூடாது.

மீனவர்களும் மீன் பண்ணை வைத்திருப்போரும் கரையோரச் சிறு வியாபாரிகளும் இழப்பீடு கேட்க உரிமை உள்ளவர்கள். ஆனால் உரிமை இருந்தால் மட்டும் போதாது, ஆதாரம் வேண்டும். மீன்பிடி உரிமம், முந்தைய ஆண்டுகளில் மீன் விற்ற இரசீதுகள், எண்ணெய் படிந்த வலையின் படங்கள், கழுவுவதற்கு ஆன செலவுச் சீட்டுகள் எல்லாம் தேவைப்படும். கெட்டுப்போன வலையைக் கோபத்தில் எரித்துவிடக் கூடாது. மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும்வரை அதை அப்படியே வைத்திருக்க வேண்டும்.

காலக்கெடுவும் முக்கியம். சேதம் ஏற்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் சட்ட நடவடிக்கை தொடங்காவிட்டால் உரிமை போய்விடும். எப்படியிருந்தாலும் சம்பவம் நடந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுகளைத் தாண்டக்கூடாது.

இரசீது வாங்கும் பழக்கம் நம் சிறு மீனவர்களிடமும் வியாபாரிகளிடமும் குறைவு. கைமேல் காசு, வாய்வார்த்தைக் கணக்கு என்றே பலர் தொழில் செய்கிறார்கள். எண்ணெய் ஒதுங்கும் நாளில் அவர்களின் இழப்பு உண்மையானதாகவே இருக்கும். அதை நிரூபிக்கக் கையில் ஒரு தாள்கூட இருக்காது. ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தில் தினமும் பிடித்த மீனின் எடையையும் விற்ற விலையையும் எழுதி வைத்தால் போதும். பிள்ளைகள் அதை எழுதித் தரலாம். கடலில் எப்போது கப்பல் மோதும் என்று யாருக்கும் தெரியாது. மோதிய மறுநாள் அந்த நோட்டுப் புத்தகம்தான் அந்தக் குடும்பத்துக்காகப் பேசும்.